பதினான்கு மாத ஐ.சி.யூ. வேலை: பாண்ட் முடியும்வரை இருப்பதா, இப்போதே விலகுவதா?

கேட்டவர்: பொன்னையாற்றுப் பெண்

எல்லோருக்கும் வணக்கம். நான் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்துகொண்டு, வேலூரில் அறுபது படுக்கைகள் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பதினான்கு மாதங்களாக வேலை செய்கிறேன். பிடித்தம் போகக் கையில் வருவது 15,800 ரூபாய். அப்பா ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் இருக்கிறார், அம்மா வீட்டில் பீடி சுற்றுகிறார். படிப்பு முடிந்து ஓராண்டுவரை எதுவும் கேட்காமல் இருந்த வங்கி, பதின்மூன்றாம் மாதத்திலிருந்து கல்விக் கடனுக்குத் தேதி தவறாமல் தவணை எடுத்துக்கொள்கிறது.

எங்கள் ஐ.சி.யூ.வில் எட்டுப் படுக்கைகள். இரவில் நாங்கள் இரண்டு பேர்தான். வெண்டிலேட்டரில் இருப்பவர் ஒருவர் உட்பட நான்கு நோயாளிகளை ஒருத்தியே பார்ப்பது இங்கே வழக்கமான நிலைமை. உடன் இருப்பவர் விடுப்பு எடுத்துவிட்டால் ஆறு பேர்கூட ஆகும். காலையில் ஹேண்ட் ஓவர் கொடுத்துவிட்டுக் காட்பாடிப் பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகு, ஐந்தாம் படுக்கைக்கு ஆறு மணி இன்சுலின் போட்டதை எழுதினேனா என்ற சந்தேகம் வந்து, வார்டுக்கே போன் செய்து கேட்ட நாள்கள் உண்டு. கேட்டபோதெல்லாம் எழுதியிருந்தேன் என்றுதான் பதில் வந்தது. ஆனாலும் அந்தப் பயம் போகவில்லை. வீட்டில் படுத்தாலும் மானிட்டர் அலாரம் காதில் கேட்கிறது.

சேரும்போது இரண்டு ஆண்டு பாண்டில் கையெழுத்து வாங்கினார்கள். இடையில் விலகினால் 75,000 ரூபாய் கட்ட வேண்டும். பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல்கள் ஆகியவற்றின் அசல்களையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதற்கு ரசீது எதுவும் தரவில்லை, நானும் அன்று கேட்கத் துணியவில்லை.

எங்கள் ஊரில் நர்ஸ் என்று சொன்னதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி “சி.எம்.சி.யா?” என்பதுதான். இல்லை என்றதும் முகத்தில் ஓர் இரக்கம் வரும். அதற்கடுத்த ஆலோசனை ஆளுக்கொரு விதமாக இருக்கும். அரசு வேலைக்குத் தேர்வு எழுது என்கிறார் மாமா. ஜெர்மன் படி என்கிறாள் உடன் படித்த தோழி. எம்.எஸ்சி. முடித்து நர்சிங் கல்லூரியில் டியூட்டராகிவிட்டால் நைட் டூட்டியே இல்லை என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. எனக்கு ஐ.சி.யூ. வேலை பிடித்திருக்கிறது என்பதுதான் இதில் வேடிக்கை. பிடித்த வேலையே பயத்தையும் தரும்போது, மீதமுள்ள பத்து மாதங்களைப் பல்லைக் கடித்துக்கொண்டு முடிப்பதா, அல்லது ஏதாவது தவறு நடந்துவிடும் முன் விலகிவிடுவதா என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்: மூன்றாம் ஷிஃப்ட்

தங்கச்சி, நான் பத்தொன்பது ஆண்டுகளாக ஐ.சி.யூ.வில் இருக்கிறேன், அதில் கடைசி ஆறு ஆண்டுகள் இன்சார்ஜ். உங்கள் கேள்வியில் இரண்டு சங்கதிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஐ.சி.யூ. வேலை உங்களுக்கு ஒத்துவருமா என்பது ஒன்று, அந்த ஐ.சி.யூ.வில் தொடரலாமா என்பது வேறொன்று. முதல் கேள்விக்கு நீங்களே பதில் எழுதிவிட்டீர்கள். வீட்டுக்குப் போகும் வழியில் இன்சுலின் ஞாபகம் வந்து போன் செய்யும் பெண்ணை நான் என் வார்டில் கேட்டு வாங்கிக்கொள்வேன். ஒருநாளும் போன் செய்யாதவர்களைப் பார்த்துத்தான் எனக்குப் பயம்.

என் முதல் ஆண்டில் நடந்ததைச் சொல்கிறேன். எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். விடியற்காலை மூன்று மணி இருக்கும். ஒரு நோயாளியின் ஐ.வி. லைன் அடைத்துக்கொண்டது. மருந்தைக் கரைப்பதற்கும் லைனைக் கழுவுவதற்கும் வைத்திருக்கும் பத்து மில்லி பிளாஸ்டிக் ஆம்பியூல்கள் ஒரு தட்டில் கிடந்தன. அதே தட்டில், அதே உயரத்தில், அதே நிறமற்ற திரவத்தோடு பொட்டாசியம் குளோரைடும் கிடந்தது. ஒன்றை எடுத்து மூடியைத் திருகி, சிரிஞ்சில் ஏற்றி, லைனில் மருந்து செலுத்தும் த்ரீ வே வால்வு பக்கம் கையைக் கொண்டுபோய்விட்டேன். அடுத்த படுக்கையில் நோயாளியின் சளியை உறிஞ்சி எடுத்துக்கொண்டிருந்த மூத்த சிஸ்டர் தலையைத் திருப்பாமலே, “லேபிளை வாய்விட்டுப் படி” என்றார். அவர் எல்லோரிடமும் எப்போதும் சொல்வதுதான் அது. என் கையில் இருப்பதை அவர் பார்க்கவே இல்லை. குப்பைத் தட்டிலிருந்து காலி ஆம்பியூலை எடுத்து “பொட்டாசி…” என்று தொடங்கியவள் அப்படியே நின்றுவிட்டேன். அந்தப் பத்து மில்லியில் 20 மில்லி ஈக்விவலன்ட் பொட்டாசியம் இருக்கிறது. பெரிய குளுக்கோஸ் பாட்டிலிலோ சலைனிலோ கலந்து மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டியதை நேராக ரத்தக் குழாயில் தள்ளினால் இதயம் நின்றுவிடும். காலையில் அந்தச் சிஸ்டர் என்னைத் திட்டவில்லை. தட்டைத்தான் மாற்றச் சொன்னார். நிர்வாகம் மாற்றவில்லை. இரண்டு மாதம் கழித்து நான் அங்கிருந்து விலகியதற்குச் சம்பளம் காரணமல்ல, அந்தத் தட்டுதான் காரணம்.

இதை ஏன் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன் என்றால், ஓரிடத்தில் தொடரலாமா என்பதை நான் இதை வைத்துத்தான் முடிவு செய்வேன். தவறு நடக்காத வார்டு எங்கும் கிடையாது. நூலிழையில் தப்பிய ஒரு தவறை நீங்கள் போய்ச் சொன்னால் இன்சார்ஜ் என்ன செய்கிறார் என்று பாருங்கள். மெமோ கொடுத்துவிட்டு அதோடு மறந்துவிடுகிறாரா, அல்லது மருந்து அலமாரியை வந்து பார்க்கிறாரா? முன்னது போன்ற இடத்தில் நீங்கள் எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒருநாள் மாட்டிக்கொள்வீர்கள். பின்னது போன்ற இடத்தில் சம்பளம் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் இரண்டு ஆண்டு இருக்கலாம்.

ஆள் கணக்கைப் பற்றி: வெண்டிலேட்டர் நோயாளிக்கு ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஆளுக்கொரு செவிலியர் என்பதுதான் இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். நடைமுறையில் எத்தனையோ மருத்துவமனைகளில் அது காகிதத்தோடு நிற்கிறது என்பது உங்களைப் போலவே எனக்கும் தெரியும். ஆனால் ஆறு நோயாளிகளை ஒருத்தியிடம் விட்ட இரவில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஷிஃப்ட் தொடக்கத்திலேயே டூட்டி டாக்டருக்கும் சூப்பர்வைசருக்கும் தகவல் சொல்லி, சொன்ன நேரத்தையும் யாரிடம் சொன்னீர்கள் என்பதையும் ரிப்போர்ட் புத்தகத்தில் ஒரு வரி எழுதுங்கள். சண்டைக்கான வரியாக அது இருக்கக் கூடாது. “இன்றிரவு பணியில் ஒரு செவிலியர், நோயாளிகள் ஆறு, வெண்டிலேட்டர் ஒன்று, இன்னாருக்குத் தெரிவிக்கப்பட்டது” என்ற அளவு போதும். நான்கு இரவுகள் அப்படி எழுதப்பட்ட பிறகு ஆள் போட்ட நிர்வாகத்தை நான் பார்த்திருக்கிறேன். எழுதியவளைப் பகல் ஷிஃப்டுக்கு மாற்றிவிட்ட நிர்வாகத்தையும் பார்த்திருக்கிறேன், அதையும் மறைக்க விரும்பவில்லை.

இன்னும் ஒன்று, புதியவர்கள் விட்டுவிடும் சங்கதி. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டுக்கொண்டீர்களா? படிக்கும்போது போட்டதாகச் சொல்வார்கள், மூன்றாவது ஆறாம் மாதத்தில் வருவதால் பாதிப் பேர் அதை மறந்திருப்பார்கள். முடித்திருந்தால் ஒருமுறை ஆன்டிபாடி அளவைப் பார்த்துவிடுங்கள், பத்துக்கு மேல் இருக்க வேண்டும். ஊசி குத்திக்கொண்டால் ஷிஃப்ட் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவதே நல்லது, 72 மணி நேரத்துக்குப் பிறகு பயனில்லை. வேலைக்குச் சேர்ந்து முதல் ஆண்டில் வேலையை விடுவதா வேண்டாமா என்று யோசிக்கும் பிள்ளைகள் பலர் தங்கள் உடம்பைப் பற்றி யோசிப்பதே இல்லை.

என் முடிவு: ஐ.சி.யூ.வை விடாதீர்கள். அந்த ஐ.சி.யூ.வை விடுவது பற்றி, மேலே சொன்ன சோதனையைச் செய்துவிட்டு ஒரு மாதத்தில் முடிவெடுங்கள்.

பதில்: வாலாஜாக்காரி

அக்கா சொல்வதில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து இருக்கிறது. 15,800 ரூபாயில் கடன் தவணையும் கட்டி, நான்கைந்து நோயாளிகளையும் பார்க்கும் பெண்ணிடம் “வார்டைச் சோதித்துப் பார்” என்று சொல்வது எளிது. 2016இல் உச்ச நீதிமன்றத்தின் உத்தரவுப்படி மத்திய அரசு அமைத்த குழு, ஐம்பது படுக்கைக்குக் கீழே உள்ள மருத்துவமனையில்கூடச் செவிலியருக்கு 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றும், ஐம்பதுக்கு மேல் நூறுவரை என்றால் அரசுச் சம்பளத்தைவிட 25 விழுக்காட்டுக்கு மேல் குறையக் கூடாது என்றும் பரிந்துரைத்தது. பத்து ஆண்டுக்கு முந்தைய அந்தத் தொகையைக்கூட உங்கள் மருத்துவமனை தொடவில்லை. கேரளத்தில் செவிலியர்கள் போராடி 2018இல் குறைந்தபட்ச ஊதியத்தை 20,000 ஆக்கிக்கொண்டார்கள். நம் பக்கம் அது பரிந்துரையாகவே கிடக்கிறது.

நான் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வு எழுதி, ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்ந்தவள். இதையும் சர்க்கரை தடவாமல் சொல்ல வேண்டும். 2015 தேர்வில் வந்தவர்கள் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் (படிகள் இல்லாத ஒரே தொகை) சேர்ந்தார்கள். இரண்டு ஆண்டில் காலமுறை ஊதியம், அதாவது நிரந்தரப் பணிக்கான சம்பளம் என்ற நம்பிக்கையோடு வந்தவர்களில் பலருக்கு அது வருவதற்கு அதற்கும் மேல் பல ஆண்டுகள் பிடித்தன. தொகுப்பூதியம் பிறகு 14,000 ஆகி, அதன்பின் 18,000 ஆனது. ஆகவே “அரசு வேலை” என்று மாமா சொல்லும்போது அவர் மனத்தில் இருக்கும் வேலையும், முதல் நாளில் உங்கள் கையில் வரும் வேலையும் ஒன்றல்ல. நிரந்தரமானபின் அதற்கு ஈடு இல்லை என்பது வேறு.

வேலையின் தன்மையும் வேறு. ஐ.சி.யூ.வில் உங்களுக்குக் கூப்பிடு தூரத்தில் டாக்டர் இருக்கிறார். இங்கே இரவில் நான், ஓர் உதவியாளர், பிரசவ வலியோடு வந்த ஒரு பெண், அவ்வளவுதான். குழந்தை பிறந்தபின் ரத்தப்போக்கு நிற்கவில்லை என்றால் ஆக்சிடோசின் போட்டு, கர்ப்பப்பையை மசாஜ் செய்துகொண்டே மறு கையால் 108க்குப் போன் செய்ய வேண்டும். அந்த வேலையை நான் நேசிக்கிறேன். ஆனால் வெண்டிலேட்டரைத் தொட்டு நான்கு ஆண்டுகள் ஆகின்றன, இன்று ஒரு ஐ.சி.யூ.வில் கொண்டுபோய் நிறுத்தினால் திணறுவேன்.

ஐ.சி.யூ. பிடித்திருக்கிறது என்று சொல்வதால் உங்களுக்கு நார்செட் தேர்வைச் சொல்வேன். எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கு 2020 முதல் நடக்கும் பொதுத் தேர்வு அது. தொடக்க அடிப்படைச் சம்பளம் 44,900, படிகள் தனி. பி.எஸ்சி. முடித்தவர்களுக்கு அனுபவம் கட்டாயமில்லை. டிப்ளமோ முடித்தவர்களுக்குத்தான் ஐம்பது படுக்கை மருத்துவமனையில் இரண்டு ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள். (இதைப் படிக்கும் ஜி.என்.எம். (டிப்ளமோ) தங்கைகள் கவனிக்க: நாற்பது படுக்கை நர்சிங் ஹோமில் இரண்டு ஆண்டு உழைத்துவிட்டு, விண்ணப்பிக்கும்போதுதான் அது கணக்கில் வராது என்று அறிந்தவர்களை எனக்குத் தெரியும். சேரும் முன்பே படுக்கை எண்ணிக்கையைக் கேளுங்கள்.) பொது வயது வரம்பு முப்பது, இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பார்கள். தில்லிக்கோ பாட்னாவுக்கோ போகத் தயாராக இருக்க வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகள் அங்கேதான் பின்வாங்குகிறார்கள்.

கேட்டவர்: பொன்னையாற்றுப் பெண்

இருவருக்கும் நன்றி. பட்டணம் மாறுவதில் எனக்குப் பயமில்லை அக்கா. எங்கள் வார்டில் பாதிப் பேர் வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள். வேலூருக்கு வைத்தியத்துக்கு வந்து, காந்தி ரோடு லாட்ஜில் தங்கி, பணம் கரைந்தபின் எங்களைப் போன்ற சிறிய இடங்களைத் தேடி வருகிறார்கள். “கொத்தாய் பேத்தா?” என்று வலி எங்கே என்பதை வங்காளத்தில் கேட்க முதல் மாதத்திலேயே கற்றுக்கொண்டேன். பதிலில் பாதி இன்னும் புரிவதில்லை.

வேறொன்று கேட்க வேண்டும். தோழி சேர்ந்திருக்கும் ஏஜென்சி, ஜெர்மனி வேலைக்கு மொழி வகுப்பும் விசாவும் சேர்த்து இரண்டரை லட்சம் கேட்கிறது, முதலில் ஒரு லட்சம் கட்டினால் போதும் என்கிறது. அப்பா கடன் வாங்கத் தயாராகிவிட்டார். அம்மாவோ, வெளிநாடு என்றால் கல்யாணம் முடித்துவிட்டுப் போ என்கிறார். இதில் எதை நம்புவது என்று தெரியவில்லை.

பதில்: ஆம்பூர் அண்ணன்

தங்கை, அப்பாவிடம் முதலில் சொல்லுங்கள், கையெழுத்துப் போட வேண்டாம் என்று. நான் சவூதியில் நான்கு ஆண்டுகள் இருந்துவிட்டு, இப்போது மூன்றாவது ஆண்டாக ஜெர்மனியில் இருக்கிறேன். ஆண் நர்ஸ் என்பதால் ஊரில் எனக்குப் பெண் கொடுக்க யோசித்தவர்கள், விமான டிக்கெட்டைக் காட்டியபின் யோசிக்கவில்லை. அது வேறு கதை.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர், வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணை அந்த அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் யாரும் பார்க்கலாம். அவர் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான், ஆகமொத்தம் 35,400. மொழி வகுப்புக் கட்டணம் தனியானது, ஆனால் அதை வேலையோடு முடிச்சுப் போட்டு இரண்டரை லட்சமாகக் கேட்பவரிடம் எனக்கு நல்ல எண்ணம் இல்லை. ஜெர்மனியில் நியாயமான ஆள்சேர்ப்புக்கென்று அரசு தரும் முத்திரை ஒன்று உண்டு. அதைப் பெற்ற நிறுவனங்கள் செவிலியரிடம் காசு வாங்கக் கூடாது, செலவு வேலை தருபவருடையது. நம் மாநிலத்திலேயே 1978 முதல் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் என்ற அரசு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் செவிலியரை அனுப்புகிறது, ஜெர்மன் பயிற்சியும் நடத்துகிறது. குவைத், சவூதி போன்ற, குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் நாடுகளுக்கு 2015 முதல் செவிலியரை அரசு முகமைகள் வழியாகத்தான் அனுப்ப வேண்டும் என்று விதி வந்ததே, தனியார் முகவர்கள் இருபது லட்சம்வரை கறந்த கொடுமையால்தான்.

இனி ஜெர்மனியைப் பற்றி யாரும் சொல்லாததைச் சொல்கிறேன். ஜெர்மன் மொழியில் பி2 என்ற மேல் இடைநிலைத் தேர்ச்சி இல்லாமல் செவிலியராக முழு அங்கீகாரம் கிடைக்காது. அது வரும்வரை உதவியாளராகத்தான் வேலை, சம்பளமும் அதற்கேற்றதுதான். ஒன்றும் தெரியாத நிலையிலிருந்து பி2வரை வர, வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகப் படித்தாலே ஏறத்தாழ ஓராண்டு ஆகும். நைட் டூட்டியும் பார்த்துக்கொண்டு படித்தால் எவ்வளவு ஆகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். அதன்பின் உங்கள் பாடத்திட்டத்தை அவர்கள் பாடத்திட்டத்தோடு ஒப்பிட்டு, குறை இருந்தால் ஒரு தேர்வோ சில மாதப் பயிற்சியோ முடிக்கச் சொல்வார்கள்.

வேலை இதைவிட அதிர்ச்சி. நம் ஊரில் நோயாளியைக் குளிப்பாட்டுவதும் ஊட்டிவிடுவதும் உடன் இருக்கும் அம்மாவோ மனைவியோதான். நாம் ஊசி, மருந்து, மானிட்டர் என்று நிற்போம். இங்கே அறையில் உறவினர் கிடையாது. முதல் வாரம், எண்பது வயதுப் பெரியவர் ஒருவருக்குப் பல்செட்டைக் கழற்றிக் கழுவி மாட்டிவிட்டு, சவரம் செய்து, ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுத்தேன். ஐ.வி. போடும் வேலை பெரும்பாலும் டாக்டருடையது. நம் ஊரில் ஒரே குத்தில் லைன் போடுபவன் என்று பெயர் வாங்கிய எனக்கு அன்று மாலை அழுகையே வந்தது. இப்போது அந்தப் பெரியவர்களோடு பேசுவதுதான் எனக்குப் பிடித்த வேலை, ஆனால் அதற்கு ஓராண்டு ஆனது. ஐ.சி.யூ.வை விரும்பும் நீங்கள் ஐ.சி.யூ. வேலை என்று எழுத்தில் தரும் மருத்துவமனைக்குத்தான் வர வேண்டும். முதியோர் இல்லத்துக்கு ஒப்புக்கொண்டுவிட்டு வந்து புலம்பக் கூடாது.

இங்கிலாந்து என்றால் ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வில் ஏழு வேண்டும், எழுத்துப் பகுதிக்கு மட்டும் ஆறரை போதும். பிறகு கணினித் தேர்வு, அங்கே போனதும் செய்முறைத் தேர்வு. வளைகுடாவுக்கு ப்ரோமெட்ரிக் என்ற உரிமத் தேர்வும் சான்றிதழ் சரிபார்ப்பும், பொதுவாக இரண்டு ஆண்டு அனுபவமும் கேட்பார்கள். எங்கே போனாலும் பதினான்கு மாதம் என்பது ஓர் அரைகுறை எண். அதனால் பாண்டுக்காக இல்லாவிட்டாலும், அந்த இருபத்து நான்கு மாதங்களை, இந்த மருத்துவமனையிலோ வேறொன்றிலோ, இடைவெளி விடாமல் முடிப்பது உங்களுக்கு நல்லது.

கல்யாணத்தைப் பற்றி நான் சொல்ல என்ன இருக்கிறது? அம்மாவிடம் அங்கீகாரம் கிடைக்கும்வரை காலம் கேளுங்கள் என்பேன். மாப்பிள்ளை வீட்டார் நைட் டூட்டிக்கு ஒப்புக்கொள்கிறார்களா என்பதைப் பெண் பார்க்க வரும் அன்றே கேட்டுவிடுங்கள், பிறகு என்று தள்ளாதீர்கள்.

பதில்: சிவப்பு மை

நான் நர்சிங் கல்லூரியில் பாடம் நடத்துகிறவள், எனவே பக்கத்து வீட்டு அக்கா சொன்னதற்குப் பதில் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது. எம்.எஸ்சி.யில் சேரவே பி.எஸ்சி.க்குப் பின் ஓராண்டு பணி அனுபவம் வேண்டும். அது உங்களுக்கு இருக்கிறது. ஆனால் நைட் டூட்டியிலிருந்து தப்பிக்க டியூட்டர் ஆனவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன், அவர்களிடம் படித்த பிள்ளைகளையும் பார்த்துவிட்டேன். பல தனியார் கல்லூரிகளில் டியூட்டர் சம்பளம் நீங்கள் இப்போது வாங்குவதைவிடப் பெரிதாக இல்லை. இந்தியாவில் நர்சிங் பட்டப் படிப்பு 1946இல் முதன்முதலில் தொடங்கிய இரண்டு இடங்களில் ஒன்று நம் வேலூர், மற்றொன்று தில்லி. அந்த ஊரில் இருந்துகொண்டு படிப்பைத் தப்பிக்கும் வழியாகப் பார்ப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஐ.சி.யூ.வில் நிற்க ஆசை என்றால் தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் முதுகலைப் படிப்பு என்று ஒன்று இருக்கிறது. இரண்டு ஆண்டுகள், பெரும்பகுதி வார்டிலேயே ரெசிடென்சி முறையில் நடக்கும். அதை விசாரியுங்கள்.

அசல் சான்றிதழ் சங்கதியை யாரும் தொடவில்லை, அதுதான் எல்லாவற்றிலும் அவசரம். நார்செட்டோ ஜெர்மனியோ, சரிபார்ப்பு நாளில் அசல் கையில் இல்லாவிட்டால் எல்லாம் வீண். சான்றிதழ் உங்கள் சொத்து, அதைப் பிணையாகப் பிடித்துவைக்க வேலை தருபவருக்கு உரிமை இல்லை. மேற்படிப்பு விண்ணப்பத்துக்கு வேண்டும் என்று தேதியிட்டுக் கடிதம் எழுதி, நகலில் அலுவலக முத்திரை வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் அதே கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பாண்ட் தொகையைப் பொறுத்தவரை, இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி அவர்கள் கோரக்கூடியது நியாயமான இழப்பீடுதான். எழுதியிருக்கும் 75,000 அதற்கு உச்சவரம்பு, முழுத் தொகையும் தானாகக் கிடைத்துவிடாது. உங்களுக்கு என்ன பயிற்சி கொடுத்தார்கள், அதற்கு என்ன செலவு செய்தார்கள் என்ற கேள்வி வரும். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி கிடைக்கும். சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள்.

விலகும்போது அனுபவச் சான்றிதழில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பிரிவின் பெயர், மருத்துவமனையின் மொத்தப் படுக்கைகள் ஆகிய நான்கும் இருக்க வேண்டும். “நன்னடத்தை உடையவர்” என்று மட்டும் எழுதித் தருவார்கள், அது கோயில் திருவிழாக் கமிட்டிக்குத்தான் உதவும்.

பதில்: மூன்றாம் ஷிஃப்ட்

டீச்சர் சொன்ன சான்றிதழ் கடிதத்தை முதலில் கொடுங்கள் தங்கச்சி. நான் அதை விட்டுவிட்டது பிழைதான். வாலாஜாக்காரிக்கு: நீங்கள் சொன்ன சம்பளக் கணக்கில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பயத்தோடு ஓடிப்போய்ச் சேரும் அடுத்த மருத்துவமனையிலும் அதே தட்டு இருந்தால் என்ன செய்வது என்பதுதான் என் கவலை.

கேட்டவர்: பொன்னையாற்றுப் பெண்

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். நைட் டூட்டியில் இருந்தேன்.

ஏஜென்சிக்குப் பணம் கட்டவில்லை. அவர்கள் சொன்ன பதிவு எண்ணை இ-மைக்ரேட் தளத்தில் தேடினோம், அப்படி ஓர் எண்ணே இல்லை. தோழி கட்டிய ஒரு லட்சத்தைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். சான்றிதழ் கடிதத்தை அலுவலகத்தில் வாங்க மறுத்தார்கள், அதனால் காட்பாடி தபால் நிலையத்திலிருந்து பதிவுத் தபாலில் அனுப்பினேன். நான்காம் நாள் எச்.ஆர். கூப்பிட்டு, பட்டச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியல்களில் இரண்டையும் கொடுத்தார்கள். மீதி இரண்டு “தேடிக்கொண்டிருக்கிறோம்” என்கிறார்கள். ஆணைக்குழு அலுவலகத்துக்கு வரும் செவ்வாய்க்கிழமை விடுப்பில் போகிறேன்.

மூன்றாம் ஷிஃப்ட் அக்கா சொன்ன வரியை ரிப்போர்ட் புத்தகத்தில் இரண்டு இரவுகள் எழுதினேன். ஆள் போடவில்லை. ஆனால் மூன்றாம் நாள் இன்சார்ஜ் சிஸ்டர் என்னைத் தனியாக அழைத்து, “இதை எழுத யார் சொல்லிக் கொடுத்தது?” என்று கேட்டார். பயந்துகொண்டேதான், பொட்டாசியம் ஆம்பியூல்களும் டிஸ்டில்ட் வாட்டரும் எங்கள் வார்டிலும் ஒரே டிராயரில்தான் கிடக்கின்றன என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் எழுந்துபோய் டிராயரைத் திறந்து பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் இரவு நான் வந்தபோது பொட்டாசியம் தனியாக, பூட்டுள்ள ஒரு சிறிய டப்பாவில், சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி வைக்கப்பட்டிருந்தது. சாவி ஷிஃப்ட் சீனியரிடம்.

ஆள் கணக்கு மாறாததால் நான் இன்னும் முழு முடிவுக்கு வரவில்லை. மீதி இரண்டு மதிப்பெண் பட்டியலும் கைக்கு வரும்வரை ராஜினாமா பேச்சு எடுப்பதில்லை என்றும், அதற்குள் நார்செட்டுக்குப் படிக்கத் தொடங்குவது என்றும் மட்டும் வைத்திருக்கிறேன். ஹெபடைட்டிஸ் பி மூன்றாவது தவணை எனக்கும் விட்டுப்போயிருந்தது, நேற்று போட்டுக்கொண்டேன். வாலாஜா அக்கா, நார்செட்டுக்கு நீங்கள் எந்தப் பாடத்திலிருந்து தொடங்கச் சொல்வீர்கள்? எனக்கு மகப்பேறு நர்சிங் சுத்தமாக மறந்துவிட்டது.